எட்டு டாலர் அறை: 'நேட்டிவ் சன்' நாவலை கோலாலம்பூரில் இருந்து படிக்கும்போது

ஒரு அலாரம் கடிகாரம் அலறுகிறது. ஒரே அறை, அதில் அம்மா, மகள், இரண்டு மகன்கள். பெண்கள் உடை மாற்ற வேண்டும் என்றால் பையன்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், வேறு இடம் கிடையாது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய எலி உள்ளே ஓடி வருகிறது. மூத்தவன் அதை ஒரு மூலையில் மடக்கி இரும்புச் சட்டியால் அடித்துக் கொல்கிறான். அதோடு விட்டால் பரவாயில்லை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தங்கை முகத்துக்கு முன்னால் ஆட்டுகிறான், அவள் மயங்கி விழுகிறாள். ரிச்சர்ட் ரைட் எழுதிய 'நேட்டிவ் சன்' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. பின்னால் வரப்போகும் அத்தனையும் இந்த முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது என்பது இரண்டாவது முறை படிக்கும்போதுதான் தெரிந்தது. போக வழியில்லாமல் மூலையில் நின்று பாய்கிற எலியும் அவன்தான், சட்டியைத் தூக்குகிறவனும் அவன்தான், தன்னை விட பலவீனமானவளைப் பயமுறுத்திச் சிரிப்பவனும் அவன்தான்.

அவன் பெயர் பிக்கர் தாமஸ், வயது 20, கறுப்பினத்தவன். இடம் சிகாகோவின் தெற்குப் பகுதி, காலம் 1930களின் பொருளாதார மந்தம். நாவல் வெளிவந்தது 1940 மார்ச்சில். கதை பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். டால்டன் என்ற வெள்ளைக்காரப் பணக்காரர் வீட்டில் பிக்கருக்குக் கார் ஓட்டும் வேலை கிடைக்கிறது. முதல் நாள் இரவே அந்த வீட்டுப் பெண் மேரி குடித்துத் தள்ளாடுகிறாள், அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அறையில் படுக்க வைக்கிறான். கண் தெரியாத அவள் அம்மா உள்ளே வருகிறார். மேரி முனகினால் தான் அங்கே இருப்பது தெரிந்துவிடும் என்ற பயத்தில் தலையணையால் அவள் முகத்தை அழுத்துகிறான், அவள் மூச்சு நின்றுவிடுகிறது. உடலை வீட்டைச் சூடாக்கும் உலையில் போட்டு எரிக்கிறான். அப்புறம் பணம் கேட்டுக் கடிதம், தப்பி ஓடுவது, ஓடும்போது தன் காதலி பெஸ்ஸியையும் கொல்வது, பிடிபடுவது, வழக்கு, மரண தண்டனை. 'பயம்', 'ஓட்டம்', 'விதி' என்று மூன்று பாகங்கள்.

தலைப்பிலேயே நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 'நேட்டிவ் சன்' என்பதைத் தமிழில் சொல்லப் போனால் 'மண்ணின் மைந்தன்' என்றுதான் வாயில் வருகிறது. மலேசியாவில் அந்தச் சொல்லை அப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது, இங்கே அது ஒரு சட்டத் தகுதி, யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று அரசியலமைப்பு வரைக்கும் போகிற விஷயம். ஆனால் ரைட் அந்தத் தலைப்பை வைத்த காரணமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. இவன் வெளியிலிருந்து வந்தவன் இல்லை, இந்த மண்ணில் பிறந்தவன், இந்த மண் வளர்த்த விதத்தில் வளர்ந்தவன், இவன் செய்ததை வேறு எங்கிருந்தோ வந்த கெடுதலாகத் தள்ளிவிட முடியாது என்று அமெரிக்காவைப் பார்த்துச் சொல்கிறார். நான்கு தலைமுறையாக இங்கே இருந்தும் பிறப்புப் பத்திரம் சரியில்லை என்று குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களான தோட்டத்து மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தத் தலைப்பை மொழிபெயர்க்காமலே விட்டுவிடுகிறேன்.

இனி அந்த அறைக்கு வருகிறேன், நாவலின் மையம் அதுதான் என்பது என் எண்ணம். 1910இல் சிகாகோவில் கறுப்பர்கள் சுமார் 44,000 பேர். 1940இல் சுமார் 2,78,000. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காட்டிலிருந்தும் அங்கே நடந்த அடித்துக் கொல்லுதலிலிருந்தும் தப்பி ரயிலேறி வந்தவர்கள். ஆட்கள் ஆறு மடங்கு பெருகினார்கள், அவர்கள் குடியிருக்க விட்ட இடம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. காரணம் தற்செயல் இல்லை. வீட்டுப் பத்திரத்திலேயே 'இந்தச் சொத்தைக் கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அந்த நகரத்தில் வழக்கம். 1948இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1919 கலவரம் சாட்சி: ஏரியில் மிதந்துகொண்டிருந்த ஒரு கறுப்புப் பையன் கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டி வெள்ளையர் குளிக்கும் பக்கம் வந்துவிட்டான் என்று கல்லெறிந்தார்கள், அவன் மூழ்கி இறந்தான், அதில் மூண்ட கலவரத்தில் 38 பேர் செத்தார்கள்.

ஆள் அதிகம், இடம் குறைவு என்றால் வீட்டுக்காரருக்குக் கொள்ளை லாபம். பழைய பெரிய வீடுகளை அறை அறையாகத் தட்டி அடைத்து, ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்று ஏற்றி, வெள்ளையர் கொடுப்பதை விடக் கூடுதல் வாடகை வாங்கினார்கள். பிக்கரின் குடும்பம் அந்த எலி ஓடும் அறைக்குக் கொடுப்பது வாரம் எட்டு டாலர். அந்த வாடகை யாருக்குப் போகிறது என்பதுதான் ரைட் வைத்திருக்கும் கண்ணி. சுற்றிச் சுற்றி அது டால்டனுக்குத்தான் போகிறது, பிக்கருக்கு வேலை கொடுக்கும் அதே நல்ல மனிதருக்கு. அவருக்குச் சொந்தமான நிலக் கம்பெனிதான் அந்தக் கட்டடத்தின் முதலாளி. அவர் கறுப்பர்களின் கல்விக்குப் பல லட்சம் டாலர் கொடுத்தவர், கறுப்புப் பையன்கள் கூடும் மன்றத்துக்கு மேசைப் பந்து மேசைகள் வாங்கித் தருபவர், அவரைக் கேட்டால் நான் கறுப்பர்களின் நண்பன் என்று மனதாரச் சொல்வார். ஏன் வேறு பகுதியில் அவர்களுக்கு வீடு விடுவதில்லை என்று பிக்கரின் வழக்கறிஞர் மேக்ஸ் கேட்கும்போது, அவர்கள் சேர்ந்திருப்பதையே விரும்புகிறார்கள் என்கிறார். மகளைப் பறிகொடுத்த பிறகும், மனதில் கசப்பு இல்லை என்று காட்ட அந்த மன்றத்துக்கு இன்னும் ஒரு டஜன் மேசைகள் அனுப்பியதாகச் சொல்கிறார். மேசைப் பந்து விளையாடினால் கொலை நின்றுவிடுமா என்று மேக்ஸ் கத்துவது அங்கேதான். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்த இடமும் அதுதான். டால்டன் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை, அதுதான் பயங்கரமாக இருக்கிறது.

சிகாகோவையும் நம் ஊரையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நம்மைத் தனிச் சட்டம் போட்டு ஒரு வட்டத்துக்குள் அடைக்கவில்லை, அமெரிக்கத் தெற்கில் நடந்தது போல மரத்தில் தூக்கிலிடவும் இல்லை. ஆனால் இடம் மனிதனை எப்படிச் செய்கிறது என்று பார்க்க நமக்கு வேறு ஊர் தேவையில்லை. 1970களிலிருந்து 90கள் வரை கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாயின. சுபாங் ஜெயா இருக்கும் இடம் சீஃபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமா இருக்கும் இடம் எஃபிங்ஹாம் தோட்டம். நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மேல்தான், அங்கே பால் வெட்டியவர்களின் குடும்பங்கள் டிங்கிலில் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றும் சொர்க்கம் இல்லை, கணக்குப் பார்க்கும் கிராணியும் தோட்ட நிர்வாகியான துரையும் நம்மை நடத்திய விதம் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் லயத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை, ஒரு கொல்லை, கோயில், பள்ளி, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்து அதட்டும் நாலு பெரியவர்கள் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்துச் சட்டம், ஏனென்றால் வீடு கம்பெனியுடையது. தோட்டம் விற்கப்பட்ட அன்று இரண்டும் ஒன்றாகப் போயின. அப்புறம் ரயில் பாதை ஓரத்திலும் ஆற்று ஓரத்திலும் புறம்போக்குக் குடிசை, அதையும் இடித்த பிறகு பிபிஆர் எனப்படும் அரசாங்க மலிவு விலை அடுக்குமாடி பிளாட்.

அந்த பிளாட்டுகளைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், அங்கே இருக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பஸ் பிடித்து அலுவலகங்களைத் துடைத்துப் பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்புகிறார்கள். ஆனால் அங்கே வளர்ந்த ஒரு பையன் என்னிடம் சொன்னது காதில் நிற்கிறது. "அக்கா, இன்டர்வியூல எல்லாம் நல்லாத்தான் போகும். அட்ரஸ் படிச்ச உடனே மூஞ்சி மாறும். இப்ப அத்தை வீட்டு அட்ரஸ்தான் போடுறேன்." அப்புறம் வீடு வாடகைக்குத் தேடிப் பாருங்கள். இந்த இனத்தாருக்கு மட்டும், இந்தியர் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள், எழுதாதவர்கள் போனில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். பத்திரத்தில் கையெழுத்து இல்லாமலே அதே வேலை நடக்கிறது.

சரி, இடம் நெருக்கடி, பணம் இல்லை, அதனால் கொலை என்று நாவல் சொல்கிறதா? பலர் அப்படித்தான் சுருக்குகிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே அறையில் அம்மா இருக்கிறார், பாட்டுப் பாடி ஜெபித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறார். தங்கை வேரா தையல் வகுப்புக்குப் போகிறாள். தம்பி பட்டி அண்ணனைப் பார்த்து ஏங்குகிறான். அதே வாடகை, அதே எலி, இவர்கள் யாரும் கொலை செய்யவில்லை. அப்போது பிக்கர் மட்டும் ஏன்?

ரைட்டின் பதில் பயம். முதல் பாகத்துக்கு அவர் வைத்த பெயரே அதுதான். பிக்கரும் நண்பன் கஸ்ஸும் தெருவில் நின்று வானத்தில் போகும் விமானத்தைப் பார்க்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் என்னாலும் ஓட்ட முடியும் என்கிறான் பிக்கர். நீ கறுப்பனாக இல்லாமல் இருந்து, கையில் பணமும் இருந்து, அந்தப் பள்ளியில் உன்னைச் சேர்த்துக்கொண்டால் ஓட்டலாம் என்கிறான் கஸ். சிரிக்கிறார்கள். பிறகு ஒரு வெள்ளைக்காரர் கடையில் கொள்ளையடிக்கத் திட்டம். இதுவரை அவர்கள் திருடியது எல்லாம் கறுப்பர்களிடம்தான், ஏனென்றால் கறுப்பனிடம் திருடினால் போலீஸ் பெரிதாகத் தேடாது. வெள்ளைக்காரர் கடை என்றதும் பிக்கருக்கு வயிறு கலங்குகிறது, அதைச் சொல்ல முடியாது, சொன்னால் கோழை. என்ன செய்கிறான்? கஸ் தாமதமாக வந்தான் என்று கத்தியை எடுத்து அவனை அவமானப்படுத்தி, அந்தச் சண்டையில் திட்டத்தையே கெடுக்கிறான். பயத்தை வெளியே காட்ட முடியாதவன் அதைப் பக்கத்தில் இருப்பவன் மேல் வன்முறையாகத் திருப்புகிறான். இந்த ஒரு காட்சியைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் புரியும். நம் பையன்கள் ஒருவரை ஒருவர் பாராங் கத்தியால் வெட்டிக்கொள்ளும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு கஸ்ஸின் கழுத்தில் வைத்த அந்தக் கத்திதான் ஞாபகம் வரும்.

தலையணைக் காட்சியும் இந்தப் பயத்தின் தொடர்ச்சிதான். அங்கே அவன் செய்தது ஒரு உதவி, குடித்தவளைப் படுக்கையில் சேர்ப்பது. ஆனால் அந்த அறையில் ஒரு கறுப்பன் நிற்பதே குற்றம். உண்மையைச் சொல்லித் தப்பலாம் என்ற எண்ணம் அவனுக்கு ஒரு நொடி கூட வரவில்லை, ஏனென்றால் அவன் வளர்ந்த உலகத்தில் அந்த உண்மையைக் கேட்க ஆள் இல்லை. வேண்டுமென்று செய்யாத கொலைதான், ஆனாலும் அதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை. இருபது வருடமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பயம்தான் அந்தக் கையை அழுத்தியது. இதற்குப் பிறகுதான் நாவல் நிஜமாகவே அச்சமூட்டும் இடத்துக்குப் போகிறது: கொன்ற பிறகு பிக்கருக்கு ஒரு சுதந்திரம் வருகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒன்றைச் செய்திருக்கிறோம் என்று நினைக்கிறான். கடைசியில் மேக்ஸிடம் 'நான் எதற்காகக் கொன்றேனோ அதுவே நான்' என்று சொல்லும்போது, அவனைக் காப்பாற்றப் பேசிய அந்த மேக்ஸே மிரண்டு போகிறார்.

ரைட் இதைக் கற்பனையில் மட்டும் செய்யவில்லை. அவர் 1908இல் மிசிசிப்பியில் பிறந்தவர், தாத்தா பாட்டி அடிமைகளாகப் பிறந்தவர்கள், அப்பா குத்தகை விவசாயி, குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். மெம்பிஸ் நகரில் கறுப்பருக்கு நூலகத்தில் புத்தகம் தரமாட்டார்கள் என்பதால் ஒரு வெள்ளைக்காரரின் அட்டையை வாங்கி, அவர் எழுதியது போலத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துப் புத்தகம் எடுத்துப் படித்தவர். சின்ன வயதிலிருந்து தான் பார்த்த ஐந்து பிக்கர்களைப் பற்றி ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஒருவன் டிராம் வண்டியில் வெள்ளையர் பகுதியில் போய் உட்கார்ந்து, எழுந்திரு என்றவர்களிடம் கத்தியைக் காட்டியவன். ஒருவன் கறுப்பரை ஒதுக்கி வைக்கும் சட்டங்களை எல்லாம் மீறி மீறிக் கடைசியில் மனநல விடுதியில் அடைக்கப்பட்டவன். அடங்க மறுத்தவர்கள் இவர்கள். ரைட் சிறுவனாக இருந்தபோது இவர்களைப் பார்த்துப் பயந்தார், உள்ளுக்குள் கொஞ்சம் வியந்தும் இருந்தார். பெரும்பாலோர் நல்லபடி சாகவில்லை.

நாவலைப் பாதி எழுதியிருந்தபோது, 1938இல், சிகாகோவில் ராபர்ட் நிக்சன் என்ற கறுப்பு இளைஞன் ஒரு வெள்ளைப் பெண்ணைச் செங்கல்லால் அடித்துக் கொன்றதாகக் கைதானான். 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகை அவனைக் காட்டு மிருகத்தோடும் குரங்கோடும் ஒப்பிட்டு எழுதியது. ரைட் அந்தச் செய்தித் துண்டுகளை வரவழைத்து, நாவலில் வரும் பத்திரிகைச் செய்திகளில் அவற்றைத் திருத்தி எழுதிச் சேர்த்தார். நாவலில் மிகைப்படுத்தியதாகத் தோன்றும் வரிகள் அச்சில் வந்தவற்றின் மறுவடிவம் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிக்சனை 1939இல் மின்நாற்காலியில் கொன்றார்கள்.

நம் பக்கம் என்ன எழுதினார்கள்? 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்கள், அதில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்றது. மக்கள் தொகையில் நாம் ஏழு சதவீதம் அளவுதான். அன்று முழுக்க என் போனில் வந்தது எல்லாம் வெட்கம், கோபம், இவனுங்களால்தான் நம் பேர் கெடுது என்ற பேச்சு. நானும் அதில் சேர்ந்து பேசினேன். அந்தக் கணக்கை யார் எப்படி எடுத்தார்கள், ஏற்கெனவே தெருவில் யாரை நிறுத்திச் சோதிக்கிறார்களோ அவர்கள்தானே எண்ணிக்கையிலும் அதிகமாக வருவார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 1969இல் வந்த அவசரகாலச் சட்டம் குற்றம் செய்தவன் என்று சந்தேகிக்கப்பட்டவனை வழக்கே இல்லாமல் இரண்டு வருடம் அடைத்து, மறுபடி மறுபடி நீட்டிக்க இடம் கொடுத்தது. சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாம் என்ற பெயர் தெரியாத தமிழ்க் குடும்பம் அந்தக் காலத்தில் குறைவு. 2011இல் அதை ரத்து செய்தார்கள், இரண்டு வருடம் கழித்துக் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி வழக்கில்லாத் தடுப்புக் காவலை அதில் கொண்டுவந்தார்கள். அடைபட்ட பையன் நிரபராதியா குற்றவாளியா என்பது திறந்த நீதிமன்றத்தில் பேசப்படாமலே அவன் மேல் முத்திரை விழுந்துவிடும். வெளியே வந்தால் வேலை தர ஆள் இல்லை, தோள் கொடுக்க அதே கும்பல்தான் காத்திருக்கும். பையன் இரவு வரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னே பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, ஓடுகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். லாக்கப் சாவு என்ற சொல் நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்குவதே எவ்வளவு பெரிய கொடுமை.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் பாகத்தில் மேக்ஸ் நீதிமன்றத்தில் பேசும் பேச்சு பக்கம் பக்கமாகப் போகிறது, ரைட் அப்போது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார், அந்த வாடை தெரிகிறது. அதை விடப் பெரிய குறையை ஜேம்ஸ் பால்ட்வின் சொன்னார், அவரும் கறுப்பின எழுத்தாளர், தொடக்கத்தில் அவரைக் கை தூக்கிவிட்டவரே ரைட்தான். கறுப்பர்களுக்குள் இருக்கும் உறவு, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் வாழ்க்கை எதுவும் பிக்கரிடம் இல்லை, வெள்ளையர் கற்பனை செய்த மிருகத்தையே ரைட் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது அவர் வாதம். 1949இலும் 1951இலும் இதை எழுதினார், இருவர் நட்பும் முறிந்தது. பால்ட்வின் பக்கம் நியாயம் இருக்கிறது. நம் பையன்களைப் பற்றி ஒருவர் எழுதும்போது தைப்பூசத்துக்குக் காவடி தூக்குவதையும், செத்த வீட்டில் ராத்திரி முழுக்க நாற்காலி போட்டுத் தேநீர் கொடுப்பதையும் விட்டுவிட்டு வெட்டுக்குத்தை மட்டும் எழுதினால் எனக்கும் வலிக்கும். ஆனாலும் ரைட் ஏன் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது. அவருடைய முந்தைய சிறுகதைத் தொகுப்பைப் படித்து வங்கி முதலாளிகளின் மகள்கள் அழுது மனசைத் தேற்றிக்கொண்டார்களாம். அடுத்த புத்தகத்தை அழுது தப்பிக்க முடியாதபடி எழுதுவேன் என்று முடிவு செய்தார். அழ வைக்கும் ஏழையை எல்லாருக்கும் பிடிக்கும், அவனுக்கு அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பிக்கரோடு யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்காவின் பெரிய புத்தக மன்றம் ஒன்று தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின எழுத்தாளரின் புத்தகம் இது. அதற்காகச் சில பகுதிகளை வெட்டச் சொன்னார்கள், வெட்டிய வடிவமே அரை நூற்றாண்டு ஓடியது, 1991இல்தான் முழு வடிவம் வந்தது. 1951 திரைப்படத்தில் ரைட்டே பிக்கராக நடித்தார். 1955இல் பாண்டுங் மாநாட்டைப் பார்க்க இந்தோனேசியா வரைக்கும் வந்து போயிருக்கிறார், நமக்கு இவ்வளவு பக்கத்தில். 1960இல் பாரிஸில் இறந்தார்.

பெஸ்ஸியைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. பெஸ்ஸி பிக்கரைப் போலவே ஏழை, கறுப்பி, வெள்ளையர் சமையலறையில் வாரம் முழுக்க உழைத்துவிட்டுக் குடித்து மறக்கப் பார்ப்பவள். அவள் அவனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. காட்டிக்கொடுத்து விடுவாளோ என்ற பயத்தில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் வைத்து அவளைப் பலாத்காரம் செய்து, தூங்கும்போது செங்கல்லால் முகத்தை அடித்து நொறுக்கி, காற்றுக் குழாய் வழியே கீழே தள்ளுகிறான். அவள் அதில் சாகவில்லை, அந்தக் குளிரில் உறைந்துதான் செத்தாள். இந்தக் கொலைக்கு அவன் பயம் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள், அவளை எதுவும் செய்யலாம் என்று அவன் நம்பினான், அந்த நம்பிக்கையை அவனுக்கு வெள்ளையர் மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. நாவலைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பலர் மேரியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு பெஸ்ஸியை ஒரு வரியில் தாண்டுகிறார்கள்.

ஊர் முழுக்க அவனை மேரியைக் கற்பழித்தவன் என்றது, அதை அவன் செய்யவில்லை. பெஸ்ஸிக்குச் செய்ததை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிரேத விசாரணையில் அவள் உடலை வெள்ளைத் துணி போர்த்திச் சபைக்கு நடுவே கொண்டு வருகிறார்கள். அவளுக்கு நீதி கேட்டு இல்லை, மேரியை அவன் எப்படிக் கொன்றிருப்பான் என்று காட்டுவதற்குச் சாட்சிப் பொருளாக. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிக்கருக்கு, அவளைக் கொன்ற அவனுக்கே, பெஸ்ஸி உயிரோடிருந்தால் இதை விரும்பியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது.